மன்றாடலாம்

உர்சுலா: தலையை ஆட்டாதேடா.

ஆம்ப்ரோஸ்: நான் எங்கக்கா ஆட்டறேன்? அதுவா ஆடுது.

உர்சுலா: உனக்குக் கைதானே ஆடும்? எட்டு வருஷமா கை மட்டும்தான்...

ஆம்ப்ரோஸ்: இந்தச் சிறைக்கு வந்த அஞ்சு மாசத்துல தலைக்கும் ஏறிடுச்சு. துணியை ரொம்ப இறுக்காதே. கழுத்துக்கு இன்னிக்கே அவசரம் இல்ல.

உர்சுலா: வாயை மூடு. காலங்காத்தால பேசற பேச்சா இது?

ஆம்ப்ரோஸ்: சரி, சரி. கட்டு.

உர்சுலா: விசாரணைக் கூடத்துல அத்தனை பேரும் உன்னைத்தான் பார்ப்பாங்க. நீ அழுக்குத் துணியோட நிக்கறதைப் பார்க்கவா கென்ட்லேர்ந்து ரெண்டு நாள் வண்டியில குலுங்கிக்கிட்டு வந்தேன்?

ஆம்ப்ரோஸ்: உன்னை வராதேன்னு எழுதி அனுப்பினேனே.

உர்சுலா: யாரை வச்சு எழுதின?

ஆம்ப்ரோஸ்: காவல்காரர் பாஸ்க்கை வச்சு.

உர்சுலா: அதான். கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. வான்னு இருக்கா, வராதேன்னு இருக்கான்னே புரியல. வந்துட்டேன்.

ஆம்ப்ரோஸ்: புரியலையா...

உர்சுலா: புரியலைன்னு வச்சுக்கோயேன்.

பாஸ்க்: என் எழுத்தைப் பத்தியா பேச்சு?

உர்சுலா: கதவைத் தட்டிட்டு வர்ற பழக்கமே கிடையாதா காவல்காரரே?

பாஸ்க்: சாவி என்கிட்ட இருக்கும்மா. தட்டறதுன்னா அவர்தான் உள்ளேருந்து தட்டணும். இந்தாங்க தோர்லி ஐயா, ரொட்டியும் பியரும். படகு கீழே நிக்குது. தேம்ஸ் ஆத்துல கடல்தண்ணி இன்னும் இறங்கிட்டுத்தான் இருக்கு. ஏற ஆரம்பிச்சதும் வெஸ்ட்மின்ஸ்டர் கோர்ட்டுக்குக் கிளம்பிடணும்.

ஆம்ப்ரோஸ்: எவ்வளவு நேரம் இருக்கு?

பாஸ்க்: அரை மணி. கூடக் கொஞ்சம் இருக்கும். ஐயா... ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

ஆம்ப்ரோஸ்: கேளுங்க பாஸ்க். இன்னிக்கு முழுக்கக் கேள்விதான் எனக்கு. உங்களுதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்.

பாஸ்க்: திருடனைப் பார்த்திருக்கேன், கொலைகாரனைப் பார்த்திருக்கேன். உங்க வீட்டைச் சோதனை போட்டதுல ஒரு துருப்பிடிச்ச வாள்கூடக் கிடைக்கலையாமே. காகிதம்தான் கிடைச்சுதாம். அப்படி என்னதான் எழுதினீங்க?

ஆம்ப்ரோஸ்: ராஜா எங்கேர்ந்து வந்தார்னு எழுதினேன்.

பாஸ்க்: அது எனக்கே தெரியுமே! ஹாலந்துலேர்ந்து கப்பல்ல வந்தார். நானும் கரையில நின்னு தொப்பியைத் தூக்கிப் போட்டேன். அந்தத் தொப்பி அப்புறம் கிடைக்கவே இல்ல.

ஆம்ப்ரோஸ்: இவர் இல்ல. முதல் ராஜா. ராஜான்னு ஒருத்தர் எப்படி வந்தார்னு.

பாஸ்க்: அதுவும் ஞாயித்துக்கிழமை தவறாம பாதிரியார் சொல்றாரே. கடவுள் ஆதாமைப் படைச்சார். ஆதாம் எல்லாருக்கும் அப்பா. அப்பா சொன்னதைப் பிள்ளைங்க கேக்கணும். அந்த அதிகாரம் மூத்த பிள்ளை, மூத்த பிள்ளைன்னு வழிவழியா வந்து...

உர்சுலா: நீங்க யார் வழியில வந்தவர்?

பாஸ்க்: நானா? எங்கப்பா தோல் பதனிடறவர்.

உர்சுலா: அவருக்கும் அப்பன், அப்பனுக்கு அப்பன்னு மேலே போனா?

பாஸ்க்: போனா... ஆதாம்தான். ஐயோ, என்னை வம்புல மாட்டி விடாதீங்கம்மா!

ஆம்ப்ரோஸ்: அக்கா, அவரை விடு. பாஸ்க், நான் எழுதினது இவ்வளவுதான். ஒரு காலத்துல ஜனங்க கூடிப் பேசி, எங்களைக் காப்பாத்து, நாங்க உன் பேச்சைக் கேக்கறோம்னு ஒருத்தரை உக்கார வச்சாங்க. ரெண்டு பக்கமும் வாக்குக் கொடுத்தாங்க. ராஜாவும் ஒரு வேலைக்கு வச்ச ஆள்தான்.

பாஸ்க்: வேலைக்கு வச்ச ஆளா! மெதுவாப் பேசுங்கய்யா. நானும் வேலைக்கு வச்ச ஆள்தான்... சரி, அந்த ஆள் வேலையை ஒழுங்காச் செய்யலேன்னா?

ஆம்ப்ரோஸ்: அந்தக் கேள்விக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன்.

பாஸ்க்: எனக்கென்னவோ அப்பா கதைதான் பிடிச்சிருக்கு. அப்பா எப்படி இருந்தாலும் அப்பாதானே?

உர்சுலா: எங்கப்பாவை உங்களுக்குத் தெரியாது.

ஆம்ப்ரோஸ்: இப்ப எதுக்குக்கா அது...

உர்சுலா: இருடா. கேக்கறார்ல? எங்கப்பா நல்ல மனுஷன்தான். அறுபத்தஞ்சு வயசுல புத்தி பேதலிச்சுப் போச்சு. எரியற மெழுகுவத்தியை எடுத்துக்கிட்டு வைக்கோல் கொட்டகைக்குள்ளே போயிடுவார். எலி தேடறாராம். ரெண்டு தடவை பத்திக்கிச்சு. மாடு, குதிரை, மாடியில தூங்கற வேலைக்காரப் பொண்ணுங்க... எல்லாரும் அந்தக் கொட்டகைக்குப் பக்கத்துலதான். இவன் ஆக்ஸ்ஃபோர்டுலேர்ந்து அப்பதான் படிச்சு முடிச்சு வந்திருக்கான். என்ன செஞ்சான் தெரியுமா?

பாஸ்க்: என்ன செஞ்சார்?

ஆம்ப்ரோஸ்: மண்டி போட்டேன்.

உர்சுலா: ரெண்டு நாள்! அப்பா முன்னாடி மண்டி போட்டு அழறான். அப்பா, வேண்டாம்ப்பா, சாவியைக் கொடுத்துடுங்கப்பான்னு. லத்தீன்லகூடச் சொல்லிப் பார்த்தான்.

ஆம்ப்ரோஸ்: லத்தீன்ல சொல்லல.

உர்சுலா: சொன்னே. எனக்குப் புரியாதுன்னு நெனச்சே.

பாஸ்க்: அப்புறம்?

உர்சுலா: மூணாம் நாள் அவர் அசந்து தூங்கினப்போ நான் இடுப்புலேர்ந்து சாவிக்கொத்தை அவுத்துட்டேன். மாடி அறையில வச்சு நாலு வருஷம் என் கையால சோறு ஊட்டினேன். சாகறப்போ என் மடியிலதான் தலை. அப்பா இல்லைன்னு ஆயிட்டாரா? கடைசி வரைக்கும் அப்பாதான். சாவிதான் அவர்கிட்ட இல்ல.

பாஸ்க்: ம்... இந்த அம்மாவை முதல்லயே இங்க கூட்டிட்டு வந்திருந்தா, என் சாவியும் போயிருக்கும். நான் கீழே போய்த் தண்ணியைப் பார்க்கறேன். வேண்டியதைப் பேசிக்கோங்க.

உர்சுலா: போயிட்டாரா?

ஆம்ப்ரோஸ்: படியில இறங்கறார். ரொட்டியைப் பிட்டுத் தாயேன்.

உர்சுலா: இந்தா. வாயைத் திற... ஆம்ப்ரோஸ், நேரமில்ல. நான் சொல்றதைக் கேளு. நான் இன்னிக்கு உன் தரப்புச் சாட்சியா நிக்கப் போறேன்.

ஆம்ப்ரோஸ்: நிக்கக் கூடாதுன்னுதான் வராதேன்னு எழுதினேன்.

உர்சுலா: குறுக்கே பேசாதே. தேசத்துரோகம்னா ரெண்டு சாட்சி வேணும். அதுதானே சட்டம்?

ஆம்ப்ரோஸ்: அதுதான்.

உர்சுலா: அவங்களுக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஆள். அந்த கிரெஸ்விக் பிரபு. நம்ம வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருப்பான்! தன் தலை தப்பினா போதும்னு உன்னைக் காட்டிக் கொடுத்துட்டான்.

ஆம்ப்ரோஸ்: பயந்துட்டான். பயம் யாரையும் விடாதுக்கா.

உர்சுலா: நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாதே! ரெண்டாவது சாட்சிக்கு ஆளே இல்ல. அதனால உன் மேசையில கிடந்த காகிதத்தையே சாட்சின்னு கொண்டு வர்றாங்க. முந்நூறு பக்கத்துல அவங்களுக்கு வேண்டியது ஒரே வரி. "வாக்குத் தவறும் மன்னரை மக்கள் மாற்றலாம்." அந்த வரி இல்லேன்னா அது வெறும் புத்தகம். யாரையும் தூக்குல போட முடியாது. சரியா?

ஆம்ப்ரோஸ்: வக்கீல் வச்சுக்க எனக்கு அனுமதி இல்லேன்னாங்க. நீயே போதும் போலிருக்கே.

உர்சுலா: சிரிக்காதே. நான் எழுந்து நின்னு சொல்வேன். ஐயா, என் தம்பிக்கு எட்டு வருஷமா கை நடுக்கம். பேனா பிடிக்க முடியாது. அவன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அவன் சொன்னது, "வாக்குத் தவறும் மன்னரிடம் மக்கள் மன்றாடலாம்." மன்றாடலாம்னுதான் சொன்னான். எனக்கு அறுபத்தேழு வயசு, காது மந்தம். மாற்றலாம்னு விழுந்துச்சு, எழுதிட்டேன். தப்பு என் காது மேல. அவ்வளவுதான்.

ஆம்ப்ரோஸ்: எழுத்து என்னுதுன்னு சொல்ல ரெண்டு பேர் வர்றாங்களே. காபிக்கடைக்காரரும் புத்தகக்கடைக்காரரும்.

உர்சுலா: அவங்க பார்த்த கடுதாசி எல்லாம் நான் எழுதினது. அதுக்கு முன்னாடி நீ எழுதினதும் என் எழுத்து மாதிரிதான் இருக்கும். உனக்கு எழுதக் கத்துக்கொடுத்ததே நான்தானே? அஞ்சு வயசுல உன் கையைப் பிடிச்சு...

ஆம்ப்ரோஸ்: காதைப் பிடிச்சு.

உர்சுலா: காதையும் பிடிச்சு.

ஆம்ப்ரோஸ்: அக்கா, பொம்பளைக்கு இந்தக் குத்தத்துக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா உனக்கு?

உர்சுலா: தெரியும்.

ஆம்ப்ரோஸ்: கோடாலி கிடையாது, தூக்கும் கிடையாது. கம்பத்துல கட்டி...

உர்சுலா: தெரியும்னேன்ல? சின்ன வயசுல சந்தை மைதானத்துல பார்த்திருக்கேன். அப்பா தோள்ல உக்கார வச்சுக் காட்டினார். காது மந்தமான கிழவியை யாருடா எரிக்கப் போறாங்க? சிரிச்சு அனுப்பிடுவாங்க.

ஆம்ப்ரோஸ்: சரி. நான்தான் நீதிபதி. சொல்லு பார்ப்போம்.

உர்சுலா: என்னது?

ஆம்ப்ரோஸ்: ஒத்திகை பார்த்துக்க வேண்டாமா? எழுந்து நில்லு. உம் பெயர் என்னம்மா?

உர்சுலா: விளையாடற நேரமாடா இது?

ஆம்ப்ரோஸ்: அங்க இதைவிட மோசமா விளையாடுவாங்க. பெயர்?

உர்சுலா: ...உர்சுலா தோர்லி. கல்யாணம் ஆகல.

ஆம்ப்ரோஸ்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. கைதி "மன்றாடலாம்" என்று சொன்னார். உமக்கு "மாற்றலாம்" என்று கேட்டது. அப்படித்தானே?

உர்சுலா: ஆமாங்கய்யா. அன்னிக்குக் காத்து வேற. ஜன்னல் படபடன்னு அடிச்சுது.

ஆம்ப்ரோஸ்: மன்றாடுவது என்றால் மன்னரிடம்தானே மன்றாட முடியும்?

உர்சுலா: ஆமாங்கய்யா.

ஆம்ப்ரோஸ்: காகிதத்தில் "மன்னரை" என்று இருக்கிறதே? "மன்னரிடம்" என்று சொன்னதும் "மன்னரை" என்றா காதில் விழுந்தது? காற்று அவ்வளவு படித்த காற்றோ?

உர்சுலா: அது... "மாற்றலாம்"னு எழுதினதும் முன்னாடி இருந்ததைத் திருத்திட்டேன்.

ஆம்ப்ரோஸ்: ஓ. காது மந்தம், இலக்கணம் கூர்மை.

உர்சுலா: அப்படி எந்த நீதிபதியும் கேக்க மாட்டான்டா!

ஆம்ப்ரோஸ்: கேப்பான். இதைவிடவும் கேப்பான். சொல்லும்மா, புத்தகத்தில் அந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது?

உர்சுலா: எந்தச் சொல்லுங்கய்யா?

ஆம்ப்ரோஸ்: காது கேட்கவில்லையோ? எத்தனை இடத்தில்?

உர்சுலா: சில இடத்துல.

ஆம்ப்ரோஸ்: எண்ணிக்கை வேண்டும்.

உர்சுலா: பதினொண்ணு.

ஆம்ப்ரோஸ்: பதினொன்று. குளிர்காலத்தில் நான்கு, வசந்தத்தில் ஐந்து, கோடையில் இரண்டு. பதினோரு நாளும் ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்ததா?

உர்சுலா: போதும்டா.

ஆம்ப்ரோஸ்: ஒரு தடவை காது தப்பாக் கேக்கும் அக்கா. ரெண்டு தடவையும் கேக்கும். பதினோரு தடவை கேட்டா அதுக்குப் பேர் காது இல்ல. அங்க ஒரு நிமிஷத்துல இதைக் கண்டுபிடிச்சுடுவாங்க. அதுக்கப்புறம் உன்னைக் கிழவின்னு பார்க்க மாட்டாங்க. வீட்டுக்குப் போ. தயவுசெஞ்சு போயிடு.

உர்சுலா: நான் போக மாட்டேன். காது மந்தம்னு சொல்லலேன்னா, உண்மையைச் சொல்றேன்.

ஆம்ப்ரோஸ்: என்ன உண்மை?

உர்சுலா: காது நல்லாத்தான் கேக்குது எனக்கு.

ஆம்ப்ரோஸ்: அக்கா...

உர்சுலா: சொல்ல விடு. அஞ்சு மாசமா நெஞ்சுக்குள்ளே வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கேன். வேணும்னேதான் எழுதினேன். நீ அறையில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துக்கிட்டே சொல்வே. ராஜா வாக்குத் தவறினா, சட்டத்தை மிதிச்சா, ஜனங்க வாயை அடைச்சான்னா... அப்படியே மேலே மேலே ஏறிக்கிட்டே போவே. எனக்குக் கை சிலிர்க்கும். கடைசியில, "மக்கள் மன்றாடலாம்"னு வந்து நிப்பே. மன்றாடறதாம்! ஊரைக் கொளுத்தறவன்கிட்ட! எனக்கு நீ ரெண்டு நாள் மண்டி போட்டதுதான் ஞாபகம் வந்துச்சு. கோவத்துல மாத்தி எழுதிட்டேன்.

ஆம்ப்ரோஸ்: சாயங்காலம் திருப்பிப் படிச்சுக் காட்டுவியே...

உர்சுலா: படிக்கறப்போ "மன்றாடலாம்"னே படிச்சேன். உனக்குத்தான் கை நடுங்கி பக்கம் கசங்கிடும்னு புத்தகத்தையே தொட மாட்டியே. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிக்கலாம், சண்டை போட்டுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ளே சிப்பாய்ங்க வந்துட்டாங்க. குத்தப்பத்திரிகையைப் படிச்சுக் காட்டினப்போதான் உனக்கே தெரிஞ்சிருக்கும். இல்லையா?

ஆம்ப்ரோஸ்: நீ மேலே சொல்லுக்கா.

உர்சுலா: ஒரு வார்த்தை திட்டலையே நீ! என்னைக் கேக்கக்கூட இல்ல. உன்னைச் சாவுக்கு அனுப்பினது நான்டா. கத்துக்கொடுத்த இந்தக் கையே...

ஆம்ப்ரோஸ்: அழாதேக்கா. பாஸ்க் வந்துடுவார்.

உர்சுலா: வரட்டும். எல்லாரும் வரட்டும். நான் கோர்ட்டுல இதை அப்படியே சொல்லப் போறேன். அந்தச் சொல் என்னுது. நெனச்சதும் நான், எழுதினதும் நான். என்னை என்ன செய்யணுமோ செய்யட்டும். நீ வீட்டுக்குப் போ.

ஆம்ப்ரோஸ்: முடியாது.

உர்சுலா: ஏன் முடியாது? நான் எழுந்து நின்னா என் வாயைப் பொத்துவியா?

ஆம்ப்ரோஸ்: பொத்த வேண்டாம். நீ சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. நேத்து மத்தியானம் அரசாங்க வக்கீல் இங்க வந்தார்.

உர்சுலா: எதுக்கு?

ஆம்ப்ரோஸ்: புத்தகத்தோட வந்தார். பதினோரு இடத்துலயும் சிவப்பு மையில கோடு போட்டிருந்துச்சு. நல்ல மரியாதையாத்தான் பேசினார். தோர்லி, இந்தக் கை உங்க கை இல்லேன்னு எங்களுக்குத் தெரியும், உங்க கையைத்தான் பார்க்கறோமே, இந்தச் சொல் யாருதுன்னு மட்டும் சொல்லிடுங்க, உயிருக்கு நான் பொறுப்புன்னார்.

உர்சுலா: சொல்லியிருக்கலாமேடா! ஒரு பேர்தானே!

ஆம்ப்ரோஸ்: பேனாவைக் கொடுங்கன்னேன். பதினோரு இடத்துலயும் பக்கத்துலயே என் பேரை எழுதினேன். "இது என் சொல், ஆம்ப்ரோஸ் தோர்லி"ன்னு. எட்டு வருஷத்துக்கு அப்புறம் என் கையால எழுதினது அதுதான். முடிக்க மூணு மணி நேரம் ஆச்சு. அவரும் பாவம், இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்.

உர்சுலா: அடப்பாவி... என்ன காரியம்டா பண்ணியிருக்கே!

பாஸ்க்: ஐயா, தண்ணி ஏற ஆரம்பிச்சுடுச்சு. படகுக்காரன் கத்தறான்.

ஆம்ப்ரோஸ்: ஒரு நிமிஷம் பாஸ்க். வாசல்லயே இருங்க. இதோ வந்துட்டேன்.

பாஸ்க்: சரிங்கய்யா. சீக்கிரம்.

உர்சுலா: நீ சொன்னது "மன்றாடலாம்"டா! என் ரெண்டு காதாலயும் கேட்டேன். பதினோரு தடவையும் "மன்றாடலாம்"னுதான் சொன்னே. நான் பண்ணின காரியத்துக்கு நீ ஏன்டா சாகணும்?

ஆம்ப்ரோஸ்: முதல் தடவை மட்டும்தான்க்கா அது நீ பண்ணின காரியம். மறுநாள் காலையில நீ கோழிக்குத் தீனி போடப் போனப்போ நான் எடுத்துப் படிச்சுட்டேன். மிச்சம் பத்து தடவையும்... நீ மாத்தித்தான் எழுதுவேன்னு தெரிஞ்சே "மன்றாடலாம்"னு சொன்னேன். மாட்டிக்கிட்டா, நான் சொல்லல, அக்காதான் எழுதினாள்னு கைகாட்டிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு.